ரெப்பாசிட்டரி டெஸ்ட் பச்சைதான், ஆனால் டேட்டாபேஸைத் தொட்டதா?

ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃப்ரேம்வொர்க்) ஆப்பில் டேட்டாபேஸோடு பேசும் லேயர்தான் ரெப்பாசிட்டரி. அதையே மாக் செய்து (போலி ஆப்ஜெக்ட் வைத்து) டெஸ்ட் எழுதாதீர்கள். இந்த லேயரில் உடைவது க்வெரி, மேப்பிங், கன்ஸ்ட்ரெயின்ட் மூன்றும்தான், டேட்டாபேஸ் இல்லாமல் அதில் எதுவுமே வெளியே வராது.

ப்ரொடக்‌ஷனில் போஸ்ட்கிரெஸ் ஓடினால் டெஸ்டிலும் போஸ்ட்கிரெஸ்தான். எச்2-வில் (மெமரியிலேயே ஓடக்கூடிய சின்ன டேட்டாபேஸ்) போஸ்ட்கிரெஸ் மோட் இருக்கிறதே என்பார்கள், இருக்கிறது, ஆனால் ஜேசன்பி (போஸ்ட்கிரெஸின் ஜேசன் டைப்) ஆபரேட்டரோ பார்ஷியல் இண்டெக்ஸோ (சில ரோக்களுக்கு மட்டுமான இண்டெக்ஸ்) வந்தால் அங்கேயே படுத்துவிடும். டாக்கர் இருந்தால் டெஸ்ட்கன்டெய்னர்ஸ் (டெஸ்டுக்காக டாக்கர் கன்டெய்னரை எழுப்பும் லைப்ரரி) போதும்: போஸ்ட்கிரெஸ் கன்டெய்னரை ஸ்டாட்டிக் ஃபீல்டாக வையுங்கள் (இல்லையென்றால் ஒவ்வொரு டெஸ்ட் மெத்தடுக்கும் புதிதாக ஒன்று எழும்பும், காபி குடித்துவிட்டு வரலாம்), ஸ்பிரிங் பூட் 3.1 முதல் சர்வீஸ் கனெக்‌ஷன் அனோட்டேஷன் போட்டால் யூஆர்எல், பாஸ்வேர்டை அதுவே எடுத்துக்கொள்ளும். பூட் 3.4-க்கு முந்தையது என்றால் டேட்டா ஜேபிஏ டெஸ்ட் (ரெப்பாசிட்டரி லேயரை மட்டும் ஏற்றும் அனோட்டேஷன்), கிளாஸ்பாத்தில் எச்2 கிடந்தால் சத்தமில்லாமல் அதற்கு மாறிவிடும், ஆட்டோ கான்ஃபிகர் டெஸ்ட் டேட்டாபேஸ் அனோட்டேஷனில் ரீப்ளேஸை நன் (NONE) என்று வைக்க மறக்காதீர்கள். டேபிள்களை ஹைபர்னேட் (ஆப்ஜெக்டை டேபிளோடு இணைக்கும் லைப்ரரி) உருவாக்க வேண்டாம், ஃப்ளைவே (டேபிள் மாற்றங்களை வரிசையாக ஓட்டும் டூல்) ஸ்கிரிப்ட் உருவாக்கட்டும், ஹைபர்னேட் வேலிடேட் மட்டும் செய்யட்டும்.

சரி, இப்போது முக்கியமான இடம். சேவ் செய்து, உடனே ஃபைண்ட் பை ஐடி போட்டு, பெயர் சரியா என்று அசர்ட் செய்கிறோம். பாஸ். ஆனால் ஐடி சீக்வென்ஸிலிருந்து (டேட்டாபேஸ் தரும் எண் வரிசை) வருகிறது என்றால் ஹைபர்னேட் இன்சர்ட்டை ஃப்ளஷ் (தேங்கியதை டேட்டாபேஸுக்கு அனுப்புவது) வரை தள்ளிப்போடும், ஃபைண்ட் பை ஐடியும் பெர்சிஸ்டன்ஸ் கான்டெக்ஸ்டில் (ஹைபர்னேட் மெமரியில் ஆப்ஜெக்ட்களை வைத்திருக்கும் இடம்) கிடக்கும் அதே ஆப்ஜெக்டைத் திருப்பித் தரும், கடைசியில் ரோல்பேக் (டெஸ்ட் முடிந்ததும் எல்லா மாற்றமும் ரத்து). டேபிளுக்கு ஒரு வரிகூடப் போகவில்லை! அதனால் சேவ் முடிந்ததும் டெஸ்ட் என்டிட்டி மேனேஜரில் ஃப்ளஷ், அப்புறம் கிளியர் (அந்தக் கான்டெக்ஸ்டைக் காலி செய்ய), அதன்பிறகே படியுங்கள். யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்டைச் சோதிக்கும்போதும் இதே கதைதான், அசர்ட் த்ரோஸுக்குள் வெறும் சேவ் இருந்தால் எக்ஸெப்ஷன் வராமல் போகலாம், சேவ் அண்ட் ஃப்ளஷ் போடுங்கள்.

ஐடி 1 என்று அசர்ட் செய்யாதீர்கள், ரோல்பேக் ஆனாலும் சீக்வென்ஸ் பின்னால் போகாது.

ஃபைண்ட் ஆல் மாதிரி ஸ்பிரிங் தரும் மெத்தட்களுக்கு டெஸ்ட் எழுதுவது வீண்வேலை. நீங்களே எழுதிய க்வெரிகளுக்கு மட்டும் எழுதுங்கள், பொருந்தாத ஒரு ரோவையும் சேர்த்து வைத்து அது வரவில்லை என்று பாருங்கள். என் பிளஸ் ஒன் (ஒரு க்வெரி போதுமான இடத்தில் ஒவ்வொரு ரோவுக்கும் தனி க்வெரி போவது) சந்தேகம் இருந்தால் ஹைபர்னேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸை ஆன் செய்து, எத்தனை ஸ்டேட்மென்ட் போனது என்பதையே அசர்ட் செய்துவிடலாம்.