சொந்தப் பாட்டு, சொந்தக் கணக்கு

சிங்கப்பூரில் சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடி வெளியிடக் கிளம்புகிறீர்களா? முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மைக் அப்புறம். என் நோட்டின் முதல் வரி இது: "1. ஈசூன், சமூக மன்றம், பொங்கல் விழா. 2 பாட்டு. 40 பேர், பாதிப் பேர் சாப்பாட்டு வரிசையில்." போன மாதம் 63-ஆவது மேடைக்கு வந்திருக்கிறேன்.

இந்தப் பழக்கம் ஃபிராங்க் டர்னரிடமிருந்து வந்தது. இங்கிலாந்துக்காரர், தானே எழுதி, தானே கிதார் வாசித்துப் பாடுகிறவர். 2005-ல் தான் இருந்த இசைக்குழு கலைந்ததும் தனியாகக் கிளம்பி, பாடிய மேடை ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்திருக்கிறார். 2,000-ஆவது மேடை 2016 டிசம்பரில், நாட்டிங்காமில். 2024 மே மாதம் 24 மணி நேரத்துக்குள் 15 ஊர்களில் பாடி உலகச் சாதனையும் செய்தார். (நமக்கு 15 ஊருக்கு எங்கே போவது? வடக்கு தெற்கு எம்ஆர்டி பாதையில் நிலையத்துக்கு நிலையம் இறங்கி ஏறினால்தான் உண்டு.) எண் போடுவதில் பெருமை ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் எந்தப் பாட்டுக்குக் கைதட்டினார்கள், ஏற்பாட்டாளர் எத்தனை வெள்ளி தந்தார், எத்தனை நாள் கழித்துத் தந்தார் என்பதெல்லாம் மூன்றாவது ஆண்டில் மறந்துவிடும். நோட்டு மறக்காது.

பகலில் நான் விமானச் சரக்கு அலுவலகம் ஒன்றில் ஆவணம் பார்க்கிறேன். அதனால் இந்தக் குறிப்பில் ராகத்தைவிடக் காகிதம் அதிகம் இருக்கும். பாட்டு வரிகளை எப்படி எழுதுவது என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் பாடு.

பதிவு பற்றி ஒரு எச்சரிக்கை. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் முதலில் பாம் ஷெல்டருக்குள்தான் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை) மைக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சுவர் கெட்டி, கதவு இரும்பு, வெளிச்சத்தம் வராது. ஆனால் உள்ளே குரல் குளியலறையில் பாடியதுபோல எதிரொலிக்கும். மெத்தையும் கம்பளியும் தொங்கவிட்டால் சற்று அடங்கும். அதற்குத் துணி நிறைந்த அலமாரியைத் திறந்து, அதைப் பார்த்தபடி பாடுவதே மேல். என் முதல் பாட்டு என் அம்மாவின் பட்டுப்புடவைகளைப் பார்த்துப் பாடியது. மின்விசிறி, ஏர்கான் இரண்டையும் நிறுத்துங்கள், வேர்க்கும்தான். விடியற்காலையில் குயில் ஆரம்பித்துவிடும், இரவில் மேல்வீட்டில் கோலிக்குண்டு உருளும். எனக்குக் கிடைத்த நேரம் வேலைநாளில் பிற்பகல் இரண்டு மணி, அதற்காக விடுப்பு எடுத்தேன். குரலையும் இசையையும் சேர்க்கும் கலவை முடிந்ததும் ஹெட்போனை நம்பாதீர்கள். கைப்பேசி ஸ்பீக்கரில் ஒருமுறை, ஓடும் காரில் ஒருமுறை கேளுங்கள். என் அத்தான் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறார், அவர் வண்டிதான் என் ஸ்டூடியோ.

இப்போது காகிதம். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, அதைப் பாடிப் பதிந்த ஒலி இன்னொன்று. இரண்டுக்கும் உரிமையாளர் வேறு வேறாக இருக்கலாம், காசும் வேறு வேறு வழியில் வரும். இது தெரியாமல் நான் ஒரு நண்பருக்கு 300 வெள்ளி கொடுத்து இசை கோக்கச் சொன்னேன், எழுத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் கழித்துக் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் அந்தப் பாட்டைக் கேட்டு வந்தார்கள். நண்பர், "பாதி என்னுடையது" என்றார். அவர் சொன்னது முழுத் தப்பும் இல்லை, அதுதான் வேதனை. பேசிப் பேசி நாள் போனது, படத்தில் வேறு பாட்டு வந்தது.

அதன் பிறகு ஒரே விதி: பதிவு நடக்கும் அன்றே, டீ குடிக்கும்போதே, ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து. வரி யாருடையது, மெட்டு யாருடையது, ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு, பதிவு யாருக்குச் சொந்தம், கொடுத்த பணம் கூலியா பங்கா. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவரைவிடச் செய்தவர் பக்கமே தராசு சாய்கிறது. பாடகராக அது நமக்கு நல்லது. ஸ்டூடியோவுக்குக் காசு கட்டுகிறவராக அதே சட்டம் நம்மைக் கடிக்கலாம்.

வரி, மெட்டுக்கான உரிமைத்தொகையை வசூலிக்க இங்கே காம்பஸ் என்ற சங்கம் இருக்கிறது, பிரிட்டனில் பிஆர்எஸ் இருப்பதுபோல. உறுப்பினராகிப் பாட்டைப் பதிந்து வையுங்கள். ஒலி 96.8 வானொலியில் அது ஒலித்தால் உங்கள் பேரில் சிறு தொகை வரும். இந்தச் சங்கங்களுக்குள் ஒப்பந்தம் இருப்பதால் லண்டனில் ஒலித்தாலும் சுற்றி வந்து சேரும். பதியாத பாட்டுக்கு யாரும் வீடு தேடி வந்து காசு தரமாட்டார்கள்.

அடுத்து, ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றுவது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி மாதிரி ஒரு விநியோகஸ்தர் வழியாகத்தான் போக வேண்டும். அவர்கள் ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தும் இலக்கமுமாக 12 இடமுள்ள ஐஎஸ்ஆர்சி என்ற அடையாள எண் ஒன்று தருவார்கள். அதை நோட்டில் எழுதுங்கள். பின்னால் விநியோகஸ்தரை மாற்றினால் அதே எண்ணோடு ஏற்ற வேண்டும், இல்லையென்றால் கேட்கப்பட்ட எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். உங்கள் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். என் முதல் பாட்டு, பக்திப்பாடல் பாடும் ஒரு அம்மாவின் தளப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அவருடைய ரசிகர்கள் என்ன நினைத்தார்களோ!

தளத்தில் பாட்டுப் பட்டியல் (பிளேலிஸ்ட்) தொகுக்கும் ஆசிரியர்களுக்குப் பாட்டை முன்கூட்டியே அனுப்பலாம். வெளியாவதற்கு ஏழு நாளாவது முன்னால் என்கிறார்கள், நான் நான்கு வாரம் வைத்துக்கொள்கிறேன். தீபாவளி வாரத்தைத் தவிருங்கள். சினிமாப் பாட்டுகள் மொய்க்கும் நேரம் அது.

காசு? 2024 முதல், 12 மாதத்தில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பதிவுக்கு ஸ்பாட்டிஃபை ஒன்றும் தருவதில்லை. என் முதல் பாட்டு 412-இல் நின்றது. ஆகவே அதை விளம்பரப் பலகையாகப் பாருங்கள், கடையாகப் பார்க்காதீர்கள். விற்க வேண்டும் என்றால் பேண்ட்கேம்ப் என்ற தளம் இருக்கிறது. டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடும் பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மிச்சம் உங்களுக்கு. அதைவிட, மேடை ஓரத்தில் ஒட்டிய, கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ் கியூஆர் அட்டைதான் எனக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது.

மேடைக்குப் பெரிய இடம் தேட வேண்டாம். தேசியக் கலைகள் மன்றத்தின் பஸ்கிங் (தெருவோரத்தில் பாடுவது) திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். நடந்து போகிறவரை நிற்கவைக்க முடிந்தால் எந்த அரங்கிலும் பாடலாம். எஸ்பிளனேட் கலை அரங்கில் இலவச நிகழ்ச்சிகள் நடக்கின்றன, நவம்பரில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழாவும் வரும். கல்யாண வரவேற்பில் பாடக் கூப்பிட்டால் போங்கள், சினிமாப் பாட்டுதான் கேட்பார்கள். மூன்று அவர்களுக்கு, ஒன்று எனக்கு என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுவேன். இதுவரை ஒரே ஒரு மாமாதான் மறுத்தார்.

இசை நிறுவனம் கூப்பிட்டால் கையெழுத்துப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு ரேயின் கதையைச் சொல்வேன். லண்டன் பாடகி. 17 வயதில் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம், ஏழு வருடம் ஆல்பம் வெளிவரவில்லை. 2021-ல் பிரிந்தார், 2023 பிப்ரவரியில் சுயமாக ஆல்பம் வெளியிட்டார், 2024-ல் ஒரே இரவில் ஆறு பிரிட் விருது (பிரிட்டனின் இசை விருது). கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஏழு வருடமும் அவர் பியான்சே வரைக்கும் பிறருக்குப் பாட்டு எழுதித் தொழில் பழகியிருந்தார் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தம் வந்தால் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: பதிவு எத்தனை வருடம் அவர்களிடம் இருக்கும்? குறிப்பிட்ட காலத்துக்குள் அவர்கள் வெளியிடாவிட்டால் உங்களுக்கே திரும்பி வருமா? பதில் இல்லையென்றால் பேனாவை மூடுங்கள்.

கடைசியாக வருமான வரி. பகல் வேலைச் சம்பளத்துக்கு வெளியே வரும் இந்த வருமானத்தையும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். கிதார் கம்பி, ஸ்டூடியோ வாடகை ரசீதுகளை நோட்டின் பின் அட்டையில் ஒரு உறை ஒட்டிப் போட்டு வைக்கிறேன். வெப்பத்தாள் ரசீதை அன்றே படம் எடுத்துவிடுங்கள், மார்ச் மாதத்துக்குள் எழுத்து மங்கிவிடும்.