கொழுந்து நிறுவைக்கு ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்து நிறுவையை ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினில் இயங்கும் நிரல் ஒன்றின் மூலம் அந்தச் சங்கிலியில் பதிவதாக வைத்துக்கொள்வோம். அந்த நிரலை எழுதும் சொலிடிட்டி மொழியில் தசம எண் கணக்கு கிடையாது. ஆகவே 17.35 கிலோவை 17350 கிராம் என்றே சேமியுங்கள்.

சிக்கல் ஈரக்கழிவில், அதாவது கொழுந்தின் ஈரத்துக்காக எடையில் கழிப்பதில்தான். 8 வீதம் கழிக்க முதலில் பெருக்கி, பிறகு 100ஆல் வகுத்தால் 1388 கிராம். முதலில் வகுத்தால் மீதி வெட்டுப்பட்டு 1384. கழிவு வீதம் ஒரு மாறியில் இருந்து, அதையே முதலில் 100ஆல் வகுத்தால் விடை பூச்சியம், பிழைச்செய்தியும் வராது. மலையில் கழிவுக் கணக்கென்றாலே வாய்த்தகராறுதான், இதில் கவனம் வேண்டும்.

சோதனைக்கு ஃபௌண்ட்ரி என்ற கருவித்தொகுப்பு போதும். 'ஃபோர்ஜ் டெஸ்ட்' கட்டளை, ஃபஸ் சோதனை ஒவ்வொன்றையும் வழக்கமாக 256 தற்செயல் எண்களால் ஓட்டும். எடைக்கு உச்ச வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் ராட்சத எண்ணொன்று வந்து பெருக்கலின் விடை எண்ணின் கொள்ளளவைத் தாண்டி வழிந்து, சொலிடிட்டி 0.8 முதலான பதிப்புகளில் பரிவர்த்தனை ரத்தாகும். 'பிராங்க்' வசதியால் வேறொரு முகவரியாக நடித்து, நிறுப்பவரைத் தவிர யாரும் எழுத முடியாதென்று உறுதிசெய்யுங்கள்.

பிறகு உங்கள் கணினியிலேயே ஓடும் சோதனைச் சங்கிலியான அன்வில், அடுத்து பொதுச் சோதனை வலையமைப்பான செபோலியா என்று ஓட்டிப் பாருங்கள். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சங்கிலியில் ஏற்றவே வேண்டாம். ஏறினால் அழிக்க வழியில்லை. தவறான நிறுவையை மாற்றி எழுதாமல், திருத்தத்தைத் தனிப் பதிவாகச் சேருங்கள்.