அமிலக் கிணற்றிலிருந்து நீராவி எடுக்கும் முறை

கடலூர் சிப்காட்டில் பாய்லர் தண்ணீர் பரிசோதித்துக்கொண்டிருந்தவன் நான். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எரிமலைத் தீவு ஒன்றில் இருந்த புவிவெப்ப மின்நிலையத்துக்குப் போனேன், அதாவது ஆழக் கிணறு தோண்டிப் பூமிச் சூட்டின் நீராவியில் மின்சாரம் எடுக்கும் இடம். இப்போது அக்கா மகனுக்கும் அதே மாதிரி வேலை. மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்தவன், "மாமா, அமிலக் கிணறு என்றால் மூடிவிட வேண்டியதுதானா?" என்று கேட்டான். அமிலக் கிணறு என்றால் நீராவியோடு அமிலமும் மேலே வரும் கிணறு. அவனுக்குச் சொன்னதை எழுதி வைக்கிறேன்.

மூட வேண்டாம். கோஸ்டாரிகாவின் மிராவால்யெஸ் களத்தில் 2000 முதலே இப்படிப்பட்ட கிணற்றுக்கு அமிலத்தை முறிக்கும் காஸ்டிக் சோடா கொடுத்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

முதலில் அமிலம் எந்த ஆழத்தில் நுழைகிறது என்று பார். மேலே பிடித்த தண்ணீரின் பி.ஹெச்சை (அமில அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) மட்டும் நம்பாதே. கந்தக அமிலத் தண்ணீர் ஆழத்துச் சூட்டில் சாதுவாக இருக்கும், ஆறும்போதுதான் குணத்தைக் காட்டும். சல்பேட்டும் மக்னீசியமும் சேர்ந்து ஏறினால் அமிலத் தண்ணீர் கலக்கிறது. இரும்பு ஏறினால் கேசிங், அதாவது கிணற்றுக்குச் சுவராக இறக்கிய இரும்புக் குழாய், கரைகிறது. அமிலம் மேல்மட்டத்து வெடிப்பு ஒன்றிலிருந்து மட்டும் வருகிறதா? சிமென்ட் போட்டு அடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அடைக்க முடியாவிட்டால் காஸ்டிக். கால் அங்குல நிக்கல் கலவைக் குழாயைக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீர் ஆவியாகப் பிரியும் மட்டத்துக்கும் கீழே விட வேண்டும். காஸ்டிக் விழும் இடத்துக்குக் கீழே இருக்கும் கேசிங்குக்குப் பாதுகாப்பே கிடையாது, அதனால் முடிந்தவரை ஆழமாக.

எவ்வளவு விடுவது? பி.ஹெச் 2.5 என்றால் டன் தண்ணீருக்குச் சுமார் 126 கிராம். நொடிக்கு 50 லிட்டர் வரும் கிணற்றுக்கு நாளைக்கு அரை டன்னுக்கு மேலே போகும். ஆனால் பி.ஹெச்சில் தெரியாமல் அமிலத்தை ஒளித்து வைத்திருக்கும் பைசல்பேட் இருந்தால் இந்தக் கணக்கு பத்தாது, காஸ்டிக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷன் செய்துதான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கேதான் பாய்லர்காரன் தப்பு பண்ணுவான். நானும் பண்ணினேன். பாய்லர் பழக்கத்தில் பி.ஹெச்சை 7க்கு மேலே ஏற்றினேன். இரண்டே வாரத்தில் மேல்குழாய்களில் சிலிக்கா (தண்ணீரில் கரைந்து வரும் மணல் சத்து) கல்லாகப் படிந்து ஓட்டம் குறைந்தது. அமிலத்தில் சிலிக்கா மெதுவாகத்தான் திரளும், அமிலத்தை முழுக்க எடுத்தால் வேகம் பிடித்துவிடும். 5க்குப் பக்கத்தில் நிறுத்து. புளிக்குழம்பு வைக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற மாதிரிதான் இது, புளிப்பு போகாது, பாத்திரம் தப்பிக்கும்.

தண்ணீரே இல்லாத, சூடேறிய நீராவியில் ஹைட்ரஜன் குளோரைடு (தண்ணீரில் கரைந்தால் அமிலமாகும் வாயு) வந்தால் வேறு கதை. உலர்ந்திருக்கும் வரை இரும்புக்கு ஆபத்து குறைவு. குளிர்ந்து விழும் முதல் துளிதான் அத்தனை அமிலத்தையும் இழுத்துக்கொண்டு குழாயைத் தின்னும். ஐஸ்லாந்தின் கிராஃப்லாவில் 2009இல் சுமார் 2,100 மீட்டரில் மாக்மாவையே, உருகிய பாறையையே, தொட்ட கிணற்றிலும் இந்தத் தொல்லை இருந்தது. இப்படிப்பட்ட நீராவியைத் தண்ணீரும் காஸ்டிக்கும் தெளித்துக் கழுவித்தான் டர்பைனுக்கு அனுப்ப வேண்டும்.

அப்புறம் பம்ப். ஒரு மழை இரவில் மின்சாரம் போய், காஸ்டிக்கை அளந்து விடும் டோசிங் பம்ப் நின்றது. காலையில் சோதித்த தண்ணீரில் இரும்பு பல மடங்கு. பணியில் சேர்ந்த அன்றே இரண்டாவது பம்ப் கேள், அது டீசலில் ஓடட்டும்.