மண்சட்டிச் சோறும் குடல் நலமும்

போன மழைக்காலத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகு இரண்டு வாரம் என் வயிறு அடங்கவில்லை. அந்த மருந்து குடலில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். மருத்துவர் சொல்லாமல் யாரும் வாங்கி விழுங்காதீர்கள்.

என்னைத் தேற்றியது அம்மாவின் மண்சட்டிப் பழைய சோறு. இரவுச் சோறு ஆறியவுடன், கொதித்து ஆறிய நீரை இரண்டு விரற்கடை மேலே நிற்கும்படி ஊற்றி மூடுங்கள். மியான்மரின் யாங்கோன் நகர வெக்கையில் எட்டு மணி நேரம் போதும். காலையில் ஓரத்தில் சிறு குமிழிகள், இளம்புளிப்பு மணம். லாக்டிக் அமில பாக்டீரியாவின் வேலை அது. நூல்விட்டாலோ துர்நாற்றம் அடித்தாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள இனுலின் என்ற நார்ச்சத்துதான் குடலின் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி. விடியலில் தெருவில் கூவி விற்கும் அவித்த பட்டாணியும் நல்லது, நான் தினமும் ஒரு பொட்டலம் வாங்குகிறேன்.