ஆண்டு முழுக்கப் பணம் கட்டிய பிராட்பேண்டைக் கம்பெனி பாதியில் நிறுத்தினால்

எவ்வளவு பணம் திரும்ப வர வேண்டும் என்று பார்க்க, கட்டிய மொத்தத் தொகையை (ஜிஎஸ்டி சேர்த்து) திட்டத்தின் மொத்த நாட்களால் வகுத்து, மீதமுள்ள நாட்களால் பெருக்குங்கள். 12 மாதத்துக்கு ரூ.7,080 கட்டி 5 மாதம் மிச்சம் என்றால் ஏறத்தாழ ரூ.2,950 வர வேண்டும். "10 மாதக் கட்டணம், 2 மாதம் இலவசம்" திட்டங்களில்தான் ஏமாற்றுவார்கள்: இலவச மாதங்களைக் கழித்துவிட்டு 3 மாதத்துக்கு மட்டும் கணக்குக் காட்டுவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், 12 மாதம் என்று சொல்லித்தானே விற்றார்கள்! டெபாசிட் தனிக் கணக்கு. ரூட்டரைக் கொடுக்கும்போது சீரியல் எண்ணுடன் ரசீது வாங்குங்கள். இல்லையென்றால் அதன் விலையைப் பிடித்துக்கொள்வார்கள்.

கம்பெனியிடம் புகார் செய்து, புகார் எண் கட்டாயம் வாங்குங்கள். தீர்வு இல்லையெனில் 30 நாளுக்குள் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) தனிநபர் புகாரை விசாரிக்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்; மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், நீங்கள் கட்டிய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமில்லை.