ஜப்பானிய எழுத்தாளர் யோகோ ஒகாவாவை எந்த வரிசையில் வாசிப்பது?

முதலில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் நூல் ஜப்பானிய மொழியில் வந்த ஆண்டு, வலப்பக்கம் ஆங்கிலத்தில் வந்த ஆண்டு. 'தி டைவிங் பூல்' தொகுப்பில் உள்ள குறுநாவல்கள் 1990ஐ ஒட்டியவை, ஆங்கிலத்தில் 2008. 'தி மெமரி போலீஸ்' 1994, ஆங்கிலத்தில் 2019. 'ஹோட்டல் ஐரிஸ்' 1996, 2010. 'ரிவெஞ்ச்' 1998, 2013. 'தி ஹவுஸ்கீப்பர் அண்ட் தி ப்ரொஃபசர்' 2003, 2009. 'மீனாஸ் மேட்ச்பாக்ஸ்' 2006, 2024. ஆறையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்டீபன் ஸ்னைடர் ஒருவரே. அதனால் குரல் மாறாது, காலம்தான் குழம்பும். வலப்பக்கத்தை மறந்துவிட்டு இடப்பக்க வரிசையில் வாசியுங்கள்.

வரிசைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், பலர் 2003ஆம் ஆண்டு நாவலில் தொடங்கி, "எவ்வளவு அன்பான எழுத்தாளர்" என்று நினைத்துக்கொண்டு 'ரிவெஞ்ச்' தொகுப்பைத் திறந்து திகைத்துப்போகிறார்கள். இரண்டையும் எழுதியது ஒரே கைதான். ஒரு பொருளை விடாமல் உற்றுப் பார்க்கும் அந்தக் கண் முதலில் கொடூரத்தைப் பார்க்கிறது, பிறகுதான் கனிவுக்குத் திரும்புகிறது. பின்னாலிருந்து வாசித்தால் இந்தத் திருப்பம் கண்ணில் படாமலே போய்விடும்.

பெயரிலும் கவனம் வேண்டும். ஜப்பானிய நூற்பட்டியல்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும்: ஒகாவா யோகோ. இட்டோ ஒகாவா, யோகோ தவாடா இருவரும் வேறு எழுத்தாளர்கள். அவர்கள் புத்தகத்தை இவருடையது என்று வாங்கிவிட வாய்ப்பு உண்டு.

வாழ்க்கைக் குறிப்பு இந்த அளவு போதும். 1962 மார்ச் 30 அன்று ஒகயாமாவில் பிறந்தார். டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்து 1984இல் முடித்தார். ஊர் திரும்பி ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் செயலாளராக வேலை பார்த்தார். திருமணத்தோடு வேலையை விட்டுவிட்டு எழுதத் தொடங்கினார். 1988இல் 'கையென்' இதழின் புதுமுக எழுத்தாளர் பரிசு கிடைத்தது. அடுத்தது ஜப்பானின் முக்கிய இலக்கியப் பரிசான அகுதகாவா பரிசு. இதன் ஆண்டை ஓரிடத்தில் 1990 என்றும் இன்னோரிடத்தில் 1991 என்றும் பார்ப்பீர்கள், இரண்டும் சரிதான். அந்தப் பரிசு ஆண்டுக்கு இரு முறை தரப்படுகிறது. 1990இன் பிற்பாதிக்கான பரிசை 1991 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். அப்போது அவருக்கு வயது 28. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

அந்தப் பரிசைப் பெற்ற, 'தி டைவிங் பூல்' தொகுப்பில் உள்ள 'பிரெக்னன்ஸி டைரி'தான் முதல் வாசிப்பு, ஒரே மாலையில் முடிந்துவிடும். தலைப்பைப் பார்த்து இது கர்ப்பிணி எழுதும் நாட்குறிப்பு என்று நினைக்க வேண்டாம். எழுதுவது தங்கை, கர்ப்பிணி அக்கா. ஒவ்வொரு பதிவின் தலையிலும் தேதியோடு கர்ப்பத்தின் வாரக் கணக்கும் இருக்கும். அதைத் தாண்டிப் போகாதீர்கள், நடுக்கம் அந்தக் கணக்கில்தான் ஏறுகிறது. மசக்கையில் எந்த வாசனையும் ஆகாத அக்காவுக்காகத் தங்கை சமையலையே தோட்டத்துக்குக் கொண்டுபோகிறாள். பிறகு அக்காவுக்குப் பசி திரும்புகிறது. தங்கை கிரேப் ஃப்ரூட்டைத் தோலோடு நறுக்கிச் சர்க்கரை சேர்த்து ஜாம் காய்ச்சுகிறாள். அக்கா அதை அள்ளி அள்ளித் தின்கிறாள். இறக்குமதிப் பழத்தின் தோலில் தெளித்த மருந்தைப் பற்றித் தங்கைக்குத் தெரியும். ஜாம் பக்கங்களை இரண்டாம் முறை வாசிக்கும்போது, தங்கை தன் மனதைப் பற்றிச் சொல்லும் வாக்கியங்களுக்கு மட்டும் பென்சிலால் கோடு போடுங்கள். கோடு மிகக் குறைவாகவே விழும். ஒகாவா பழத்தைக் காட்டுவார், அடுப்பைக் காட்டுவார், நோக்கத்தைச் சொல்ல மாட்டார்.

அடுத்து 1994இன் 'தி மெமரி போலீஸ்'. பெயரில்லாத ஒரு தீவில் பொருள்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன: ரிப்பன், மணி, பறவை, ரோஜா. பொருளோடு அதன் நினைவும் போய்விடுகிறது. ஆங்கிலப் பதிப்பு 2019இல் வந்து, 2020இல் சர்வதேச புக்கர் இறுதிப்பட்டியலிலும் இடம்பிடித்ததால், இது இன்றைய கண்காணிப்பு அரசியலுக்கு எழுதிய பதில் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் தாளின் இடப்பக்கத்தைப் பாருங்கள், அதற்கு 25 ஆண்டு முன்பே எழுதியது. ஜப்பானியத் தலைப்பில் போலீஸே கிடையாது; 'ஹிசோயகா ந கெஷ்ஷோ', ஓசையின்றி மறைந்திருக்கும் படிகம் என்று பொருள். மறக்கத் தெரியாத பதிப்பாசிரியரைக் கதைசொல்லி போலீஸ் கண்ணில் படாமல் தன் வீட்டில் ஒரு ரகசிய அறையில் ஒளித்துவைக்கிறாள். இதற்குத் திறவுகோல், நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்க். ஒகாவா இளவயதில் அந்த நாட்குறிப்பை வாசித்தவர், 1995இல் ஆன் ஃபிராங்கின் தடங்களைத் தேடிப் போன பயணத்தைத் தனி நூலாகவே எழுதியவர். 'ஏன் மறைகின்றன?' என்று விடை தேடினால் நாவல் கையில் நிற்காது. மறைந்தபின் மக்கள் எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள்.

'ஹோட்டல் ஐரிஸ்' எல்லோருக்கும் ஆகாது. பதினேழு வயதுப் பெண்ணுக்கும் ஒரு முதியவருக்கும் இடையிலான வன்முறை கலந்த உறவு அது. தாண்டிப் போனாலும் தொடர்ச்சி அறுந்துவிடாது.

'ரிவெஞ்ச்' 11 சிறுகதைகள் கொண்டது. நடுவில் ஒன்றைப் பிரித்து வாசித்தால் பாதி நூல் வீண். ஒரு கதையில் மேசை மேல் இருக்கும் பொருள் இன்னொன்றில் திரும்ப வரும். 1 முதல் 11 வரை எண் போட்டு, ஸ்ட்ராபெரி கேக், குளிர்சாதனப் பெட்டி, கிவிப் பழம், கேரட் எங்கெங்கே வருகின்றன என்று குறித்துக்கொண்டே போங்கள். கடைசிக் கதை முடிந்ததும் முதல் கதைக்குத் திரும்புங்கள். பெரும்பாலோருக்குப் பெயர் கிடையாது, பொருள்தான் அடையாளம்.

இப்போது 2003. பென்சிலும் வெள்ளைத்தாளும் இல்லாமல் 'ஹவுஸ்கீப்பர்' நாவலைத் திறக்காதீர்கள். கணிதப் பேராசிரியருக்கு 1975இல் நடந்த விபத்துக்குப் பிறகு நினைவு 80 நிமிடம்தான் நிற்கும். வீட்டுவேலைக்கு வரும் பெண்ணின் பிறந்தநாள் பிப்ரவரி 20, அதாவது 220. அவர் கடிகாரத்தில் பொறித்த எண் 284. நாவல் சொல்லும் விடையை நம்பி நகராமல் நீங்களே கூட்டிப் பாருங்கள்: அந்தந்த எண்ணைத் தவிர்த்து, 220இன் வகுத்திகள் 1, 2, 4, 5, 10, 11, 20, 22, 44, 55, 110; கூட்டினால் 284. 284இன் வகுத்திகள் 1, 2, 4, 71, 142, கூட்டினால் 220. இரண்டு நிமிட வேலை. கூட்டி முடிக்கும்போது அந்தப் பெண்ணுக்கு ஏற்பட்ட வியப்பு உங்கள் கையிலேயே வந்து நிற்கும். இதற்குமேல் கணிதம் தெரிய வேண்டாம். பின்னால் வரும் ஆய்லர் சமன்பாடு புரியாவிட்டாலும் கதை தடைபடாது.

பேராசிரியருக்குப் பிடித்த பேஸ்பாலில் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஹன்ஷின் டைகர்ஸ் அணியின் பந்து வீச்சாளர் யுதகா எனாட்சுவின் சட்டை எண் 28. 1, 2, 4, 7, 14 கூட்டினால் 28, ஆக அது நிறைவெண், தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண். 1975 பருவத்துக்குப் பிறகு எனாட்சு வேறு அணிக்குப் போய்விட்டார். பேராசிரியரின் நினைவில் இன்னும் அவர் டைகர்ஸ்காரர்தான். வீட்டுவேலைப் பெண்ணின் மகன் ரூட் இந்த உண்மையை எப்படிக் கையாள்கிறான் என்பதுதான் நாவலின் இதயம். 2006இல் வந்த திரைப்படத்தைக் கடைசியில் பாருங்கள். அதில் கதையை வளர்ந்த ரூட் சொல்கிறான், தாய் அல்ல.

கடைசியாக 'மீனாஸ் மேட்ச்பாக்ஸ்', 2006இல் தனிஸாகி பரிசு பெற்றது. 1972இல் தோமோகோ என்ற சிறுமி ஒகயாமாவிலிருந்து அஷியாவில் இருக்கும் தாயின் சகோதரி வீட்டுக்குப் போகிறாள். அங்கே குட்டை நீர்யானை ஒன்று வளர்கிறது. தீப்பெட்டிப் படங்களுக்குக் கதை எழுதும் மீனா இருக்கிறாள். அந்த ஆண்டின் காலண்டரைத் தெரிந்துகொண்டு வாசியுங்கள்: ஏப்ரலில் எழுத்தாளர் கவபாடாவின் மரணம், செப்டம்பரில் முனிச் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்கள் கொல்லப்பட்டது, அதே ஒலிம்பிக்கில் ஜப்பான் ஆண்கள் கைப்பந்து அணியின் தங்கம். சிறுமிகள் கைப்பந்தில் மூழ்கிக் கிடக்கும் பக்கங்களில் ஒரு கண்ணைப் பாட்டி ரோசா மேல் வையுங்கள். அவர் பிறந்தது ஜெர்மனியில்.