நாவலையும் தொடரையும் ஒப்பிடுவது எப்படி: கேம் ஆஃப் த்ரோன்ஸை முன்வைத்து

நாவலைப் படித்தவர்களும் தொடரைப் பார்த்தவர்களும் ஒன்றுகூடிப் பேசினால் பேச்சு பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே முடிகிறது. இந்தப் பாத்திரத்தைக் காணோம், அந்தப் போரைக் காட்டவில்லை, இன்னாருக்குப் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அப்படி நூறு வேறுபாடுகளைச் சேர்த்த பிறகும் இரண்டு படைப்புகளைப் பற்றியும் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. ஏதேனும் ஒரே மாற்றத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அது எதனால் வந்தது, அதன் விளைவாகப் பின்னால் எவையெல்லாம் மாறின என்று கடைசிவரை பின்தொடர்வதே பயனுள்ள ஒப்பீடு. அதைச் செய்யும் முறையை ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையையும் அதிலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ எடுத்த கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரையும் கொண்டு விளக்குகிறேன். கதையின் முக்கியத் திருப்பங்கள் அனைத்தும் வெளிப்படும் என்பதால், இன்னும் படிக்காதவர்களும் பார்க்காதவர்களும் இப்போதே விலகிக்கொள்வது நல்லது.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். நாவல்கள் 1996, 1998, 2000, 2005, 2011 ஆகிய ஆண்டுகளில் ஐந்து நூல்களாக வெளிவந்துள்ளன. தொடர் 2011 ஏப்ரல் 17 முதல் 2019 மே 19 வரை எட்டு சீசன்களாக, 73 எபிசோடுகளாக ஒளிபரப்பானது. முதல் சீசன் முதல் நூலோடும் இரண்டாவது சீசன் இரண்டாம் நூலோடும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. மூன்றாம் நூல் மூன்று, நான்கு ஆகிய இரு சீசன்களாகப் பிரிக்கப்பட்டது. நான்காம், ஐந்தாம் நூல்களோ பெருமளவு ஒரே காலத்தில் வெவ்வேறு இடங்களில் நடப்பவை என்பதால் ஐந்தாவது சீசன் அவற்றைக் கலந்து எடுத்துக்கொண்டது. அதன் பிறகு, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில நிகழ்ச்சிகளைத் தவிர, ஒப்பிட மூலமே கிடையாது. ஆகவே எட்டாவது சீசனைச் சுட்டிக்காட்டி ‘புத்தகத்தில் இப்படி இல்லை’ என்று சொல்வதில் பொருளில்லை. அந்தப் புத்தகமே இன்னும் வரவில்லை. எட்டாவது சீசனை விமர்சிக்கலாம், தாராளமாக. அந்த விமர்சனத்துக்குத் தொடரின் முந்தைய சீசன்கள்தான் அளவுகோல், நாவல் அன்று.

எல்லையை வகுத்த பின், ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, அதை நாவலில் யார் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த நாவல்களைப் பொறுத்தவரை மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முந்திய கேள்வி இதுதான். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் பார்வையிலேயே நகர்கிறது. அந்தப் பாத்திரம் அறியாத எதையும் வாசகர் அறிய முடியாது. முகவுரையை விட்டுவிட்டால் முதல் நூலில் இப்படிப் பார்ப்பவர்கள் எட்டுப் பேர் மட்டுமே. வடக்கின் அரசனாக முடிசூட்டப்படும் ராப் ஸ்டார்க் அந்த எட்டுப் பேரில் ஒருவரல்லர், பின்னால் வரும் நூல்களிலும் அவருக்கென்று ஓர் அத்தியாயம் கிடையாது. அவரை எப்போதும் பிறர் கண் வழியாகவே, பெரும்பாலும் அவருடைய தாய் கேட்லினின் கண் வழியாகவே பார்க்கிறோம்.

இதன் விளைவை ராப் ஸ்டார்க்கின் திருமணத்தில் காணலாம். நாவலில் ராப் போருக்குப் போகிறார், காயம்படுகிறார், தம்பிகள் இறந்துவிட்டதாக வந்த செய்தியால் துவண்டுபோயிருக்கும் வேளையில் தமக்குப் பணிவிடை செய்த ஜேன் வெஸ்டர்லிங்குடன் ஓர் இரவைக் கழிக்கிறார், மறுநாள் அவளுடைய மானத்தைக் காக்க அவளையே மணந்துகொள்கிறார். இவை எதுவும் நம் கண் முன்னால் நடப்பதில்லை. மகன் மனைவியோடு திரும்பி வந்து நிற்கும்போது கேட்லினோடு சேர்ந்து நாமும் அதிர்கிறோம். தொடரின் கேமராவோ ராபுடனேயே போர்க்களத்துக்குப் போய்விட்டது. போன பிறகு அவருக்கு ஒரு காதல் வளர்வதைக் காட்டாமல் இருக்க முடியாது. அதற்காக உருவானவள்தான் வொலான்டிஸிலிருந்து வந்த மருத்துவப் பெண் தலிசா. இங்கே பெயர் மாறியதைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். செயலின் காரணம் மாறியிருக்கிறது. நாவலின் ராப் தந்தையைப் போலவே மானத்துக்குக் கட்டுப்பட்டுத் தவறு செய்கிறார், தொடரின் ராப், ஃப்ரே குடும்பத்துப் பெண்ணை மணப்பதாகக் கொடுத்திருந்த வாக்கைக் காதலுக்காக மீறுகிறார். ரெட் வெட்டிங் என்று ரசிகர்கள் குறிப்பிடும் விருந்துப் படுகொலையின்போது ஜேன் அங்கே வராமல் ரிவர்ரன் கோட்டையிலேயே தங்கிவிடுகிறாள். தலிசாவோ மண்டபத்தில் இருக்கிறாள், வயிற்றுப் பிள்ளையோடு கொல்லப்படுகிறாள். காட்சியின் கொடூரம் கூடியது உண்மை. தந்தையின் நேர்மையே மகனுக்குக் கேடாக முடிந்தது என்ற நாவலின் கசப்பு அதில் கரைந்துபோனதும் உண்மை. என் கணக்கில் இழப்பே அதிகம்.

பார்வைக் கட்டுப்பாடு இல்லாததால் தொடருக்குக் கிடைத்த லாபங்களையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடில் அரசர் ராபர்ட்டும் அரசி செர்ஸியும் மதுக்கோப்பையுடன் தனியே உட்கார்ந்து, இந்த நாட்டை இன்னும் சிதறாமல் பிடித்துவைத்திருப்பது நம் திருமணம்தான் என்று பேசிச் சிரிக்கும் காட்சி ஒன்று வரும். நமக்குள் ஒருபோதாவது வாய்ப்பு இருந்ததா என்று அவள் கேட்கிறாள், இல்லை என்கிறார் அவர். முதல் நூலில் இந்த இருவருமே பார்வைப் பாத்திரங்கள் அல்லர் என்பதால், இப்படியொரு தனிமைக் காட்சிக்கு அங்கே இடமே இல்லை. நாவலில் இல்லாத காட்சி என்று தள்ளிவிடாமல், நாவலின் அமைப்பு இடம் தராத காட்சி என்று குறித்துக்கொண்டால் ஒப்பீடு கூர்மையாகும்.

மாறாக, மனத்துக்குள் மட்டுமே நடக்கும் ஒன்றைத் திரை எப்படிச் சமாளித்தது என்றும் பார்க்க வேண்டும். தலைநகரைக் கைப்பற்ற நடக்கும் பிளாக்வாட்டர் போரின் இரவில் ஹவுண்ட் எனப்படும் போர்வீரர் சான்டோர் கிளகேன், ராப் ஸ்டார்க்கின் தங்கை சான்சாவின் அறைக்கு வருகிறார். நாவலில் கத்திமுனையில் ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறார், அவள் ஒரு துதிப்பாடலைப் பாடுகிறாள், அவர் போய்விடுகிறார். பிந்தைய நூல்களில் சான்சா அந்த இரவை நினைக்கும்போது அவர் தன்னை முத்தமிட்டதாகவே நினைக்கிறாள். முந்தைய அத்தியாயத்தைப் புரட்டினால் முத்தமே இல்லை! நினைவு பொய் சொல்வதை வாசகர் தாமாகவே கண்டுபிடிக்கும்படி எழுதப்பட்ட இடம் இது. தொடர் இதைத் தொடவே இல்லை. நடக்காத முத்தத்தைப் படம்பிடித்தால் அது நடந்ததாகிவிடும். இத்தகைய இடங்களைத் தொடரின் குற்றப்பட்டியலில் சேர்ப்பது நியாயமன்று.

ஒரு விடுபடலை முழுவதுமாகப் பின்தொடர்வதற்கு டைஷாவின் கதையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. டிரியன் லானிஸ்டர் பதின்மூன்று வயதில் மணந்த பெண் டைஷா. அவள் விலைமகள், அண்ணன் ஜேமி காசு கொடுத்து ஏற்பாடு செய்தவள் என்று சொல்லித் தந்தை டைவின் அந்தத் திருமணத்தைக் கொடூரமாக முடித்துவைக்கிறார். தொடரிலும் இந்தக் கதை உண்டு. முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடில் டிரியன் அதைத் தம் வாயாலேயே சொல்கிறார். விதையைத் தொடர் ஊன்றிவிட்டது, அறுவடையைத்தான் செய்யவில்லை. மூன்றாம் நூலின் இறுதியில் தம்பியைச் சிறையிலிருந்து விடுவிக்கும் ஜேமி, டைஷா விலைமகள் அல்லள், தந்தை சொல்லச் சொன்ன பொய் அது என்று ஒப்புக்கொள்கிறார். டிரியன் அண்ணனை அடிக்கிறார். செர்ஸியின் மகனான அரசன் ஜாஃப்ரியைக் கொன்றது தாம்தான் என்று பொய் சொல்கிறார். ஜேமியின் சகோதரியும் காதலியுமான செர்ஸி வேறு ஆண்களோடு இருந்த கதையையும் சொல்லிப் புண்ணைக் கிளறிவிட்டுப் பிரிகிறார். அதன் பிறகே தந்தையின் அறைக்குப் போய், டைஷாவை எங்கே அனுப்பினீர்கள் என்று கேட்கிறார். தந்தையின் பதிலில் அந்தப் பழைய வசைச்சொல் வந்ததும் அம்பு பாய்கிறது.

நான்காவது சீசனின் கடைசி எபிசோடில் இந்த ஒப்புதல் இல்லை. சகோதரர்கள் கட்டித்தழுவிப் பிரிகிறார்கள். டைவினின் வாயில் வரும் வசைச்சொல் இப்போது டிரியனின் காதலி ஷேயைக் குறிக்கிறது. தொடர் ஷேயை உண்மையான காதலியாக வளர்த்துவந்திருந்ததால் பாரத்தை அவள் மேல் மாற்றிவைத்தது என்று வாதிடலாம், அதில் நியாயமும் உண்டு. ஆயினும் தப்பிக்கக் கதவு திறந்திருக்கும்போது டிரியன் ஏன் மாடிக்குப் போனார் என்ற கேள்விக்கு நாவலில் இருக்கும் விடை தொடரில் இல்லை. பின்விளைவுகளையும் பாருங்கள். ஐந்தாம் நூலின் டிரியன் குடித்துச் சீரழிந்து, காண்போரிடமெல்லாம் விலைமகளிர் எங்கே போவார்கள் என்று கேட்டுக்கொண்டு திரியும் கசந்த மனிதர். ஐந்தாவது சீசனில் வருபவரோ சோகம் படிந்தாலும் நகைச்சுவை குன்றாத ஆலோசகர். நான்காம் நூலில் தம்பி சொன்ன சொற்கள் ஜேமியை அரித்துக்கொண்டே இருக்கின்றன. காப்பாற்ற வரும்படி செர்ஸி எழுதிய கடிதத்தை, பனி விழும் ஒரு காலையில், நெருப்பில் போடச் சொல்லிவிடுகிறார். தொடரின் ஜேமி எட்டாவது சீசனில் அதே செர்ஸியிடம் திரும்பிப்போய் அவளுடனேயே சாகிறார். இந்த முடிவுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்றாலும், ஒரு வாக்குமூலத்தை நீக்கியதும் இரு சகோதரர்களின் பாதையும் மாறிவிட்டதைத் தெளிவாகக் காட்ட முடிகிறது.

காரணத்தைத் தேடும்போது, கட்டாயத்தால் வந்த மாற்றத்தையும் விருப்பத்தால் வந்த மாற்றத்தையும் பிரித்தறிய வேண்டும். நாவலின் பிளாக்வாட்டர் போரில் டிரியன் ஆற்றின் குறுக்கே கட்டவைத்த மாபெரும் இரும்புச் சங்கிலி எதிரிக் கப்பல்களைத் தப்பவிடாமல் அடைக்கிறது. தொடரில் சங்கிலி இல்லை. அந்த எபிசோடுக்குத் திரைக்கதை எழுதியவர் மார்ட்டினேதான் என்பதை அறிந்தால், நாவலைச் சிதைத்துவிட்டார்கள் என்ற கூச்சல் கொஞ்சம் அடங்கும். முதல் சீசனின் பெரும்போர் தொடங்குமுன்பே டிரியன் அடிபட்டு மயங்கிவிடுவதும், நாவலில் மூக்கின் பெரும்பகுதியை இழக்கும் அவருக்குத் தொடரில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சுவதும் கட்டாய மாற்றங்களின் வகையில்தான் சேரும். வயதும் அப்படியே: நாவலின் தொடக்கத்தில், ஆட்சியிழந்த அரசகுலத்தின் மகளான டெனேரிஸுக்குப் பதின்மூன்று, ராபுக்குப் பதினான்கு. திரையில் வயதைக் கூட்டாமல் அந்தக் கதையை எடுத்திருக்கவே முடியாது. ஆனால் கூட்டியதும் ஒரு சிறுவனின் தடுமாற்றம் இளைஞனின் முடிவாகிவிட்டது என்பதையும் எழுதுங்கள். ஐந்தாவது சீசனில் சான்சாவை ராம்சி போல்டனுக்கு மணமுடித்ததை எந்தக் கட்டாயத்திலும் சேர்க்க முடியாது. நாவலில் அந்தக் கொடுமைக்கு உள்ளாவது, சான்சாவின் தங்கை ஆர்யாவின் பெயரில் அனுப்பப்படும் ஜேன் பூல். கதையிலேயே மகா தந்திரசாலியான லிட்டில்ஃபிங்கர், தம் கையிலிருந்த விலைமதிப்பற்ற துருப்புச்சீட்டை முன்பின் தெரியாத ஒருவனிடம் ஒப்படைத்தார் என்பதை நம்ப வைக்கும் அளவுக்குத் தொடர் காரணம் சொல்லவில்லை.

எழுதத் தொடங்குமுன் சரிபார்த்தலைத் தவிர்க்காதீர்கள். இரண்டையும் பல ஆண்டுகள் அனுபவித்தவர்களுக்கு நினைவில் இரண்டும் கலந்துபோயிருக்கும். ஹாரன்ஹால் கோட்டையில் ஆர்யா டைவினுக்கு மது ஊற்றும் காட்சிகளை நாவலில் படித்ததாகச் சத்தியம் செய்பவர்கள் உண்டு. நாவலில் அவள் பணிபுரிவது ரூஸ் போல்டனிடம். இறந்தோர் படையை நடத்திவரும் நைட் கிங்கும் இதுவரை வந்த ஐந்து நூல்களில் இல்லை. அதையொத்த பெயரோடு பழங்கதை நாயகன் ஒருவன்தான் உண்டு. அத்தியாயத்தைப் படித்துவிட்டு அன்றே அந்தக் காட்சியையும் பார்த்து, யார் பார்க்கிறார், அவருக்கு என்ன தெரியாது, பின்னால் என்ன மாறுகிறது என்று குறிப்பெடுத்தால் போதும்.

இதே கதையுலகின் முற்காலத்தைச் சொல்லும், 2022இல் தொடங்கிய ஹவுஸ் ஆஃப் தி டிராகன் தொடருக்கு இந்த முறையைச் சற்றுத் திருப்பிப் போட வேண்டியிருக்கும். அதன் மூலமான 2018ஆம் ஆண்டு நூல், ஒரு வரலாற்றாசிரியர் ஒன்றுக்கொன்று முரண்படும் சாட்சியங்களிலிருந்து தொகுத்ததாக எழுதப்பட்டது. டிராகன் மேலேறிய இளவரசன் ஏமண்ட், வானில் இன்னோர் இளவரசன் லூசெரிஸைத் துரத்திக் கொல்லும்போது கோட்டையில் நின்றவர்கள் கண்டது தொலைவில் தெரிந்த நெருப்பை மட்டுமே. தொடரோ கேமராவை வானுக்கே கொண்டுபோய், டிராகன் ஏமண்டின் கட்டளையை மீறியதாகக் காட்டுகிறது. எனவே, தொடர் இதை மாற்றிவிட்டது என்று எழுதுமுன், நூல் உறுதியாகச் சொன்னவற்றை ஒரு நிறத்திலும் ஊகத்துக்கு விட்டவற்றை இன்னொரு நிறத்திலும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.